கல்யாண ரிசப்ஷனில் டிஜே: இரவு 10 மணிக்கு மேல் பாட்டு போடலாமா? பாட்டுக்கு உரிமம் வேண்டுமா? முழு விவரம்

முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம், ரிசப்ஷனுக்கு டிஜே. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் இந்தக் காம்பினேஷன் இப்போது சகஜமாகிவிட்டது. இதில் பெரும்பாலும் தகராறு வரும் நேரம் ஒன்று உண்டு. அது இரவு 10 மணி.

"அண்ணா, இன்னும் ரெண்டே ரெண்டு பாட்டு" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்பார்கள். நிறுத்தினால் மீதிப் பணம் வாங்குவதில் சிக்கல். நிறுத்தாவிட்டால் பக்கத்துத் தெருவில் இருந்து புகார் போகும். போலீஸ் வந்தால் முதலில் கேட்பது, "யாருப்பா டிஜே?" என்பதுதான்.

கல்யாண வீட்டார், மண்டபம், அக்கம்பக்கத்தார், போலீஸ் என நான்கு தரப்புக்கும் நடுவில் நிற்கும் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? புக் செய்யும் குடும்பமும் தொழிலுக்கு வரும் இளைஞர்களும் என்ன கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

ரேடியோ செட் முதல் டிஜே வரை

ஊர்க் கல்யாணங்களில் ஒரு காலத்தில் 'ரேடியோ செட்' காரர்தான் எல்லாமே. உயரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், இசைத்தட்டு, டியூப் லைட், சீரியல் லைட் என்று சத்தமும் வெளிச்சமும் ஒரே ஆளிடம் இருந்து வாடகைக்கு வரும். பிறகு கேசட், சிடி என்று மாறியது. நகரத்து ரிசப்ஷன்களில் மெல்லிசைக் குழுவின் கச்சேரி நடக்கும்.

இன்றைய டிஜே இந்த இரண்டுக்கும் வாரிசு. சவுண்ட் சர்வீஸ்காரரைப் போல பெட்டி, லைட், ஒயர் எல்லாம் அவரே கொண்டு வருகிறார். மெல்லிசைக் குழுவைப் போல மேடையின் மூடை அவரே தீர்மானிக்கிறார். பாடகர், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஒரு டஜன் பேர் தேவைப்பட்ட இடத்தில் டிஜே, லைட் ஆபரேட்டர், உதவியாளர்கள் என நாலைந்து பேர் போதும் என்பதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

ரிசப்ஷனில் டிஜே என்ன செய்வார்?

டிஜே என்றாலே குத்துப்பாட்டு என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் வேலையின் பெரும்பகுதி அமைதியானது. விருந்தினர்கள் வரும்போது மெல்லிய இசை. மணமக்கள் என்ட்ரிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டு. மொய் எழுதுபவர்களும் போட்டோவுக்கு வரிசையில் நிற்பவர்களும் பேசிக்கொள்ளும் அளவுக்கு இளையராஜா, ரஹ்மான் மெலடிகள். கடைசியில்தான் டான்ஸ் ஃப்ளோர்.

இதற்கான தயாரிப்பு மதியமே தொடங்கிவிடும். மாலை 6.30 மணி ரிசப்ஷனுக்கு மதியம் 1 மணி வாக்கில் வண்டி மண்டபத்துக்குப் போக வேண்டும். பெட்டி இறக்கி, டிரஸ் எனப்படும் அலுமினியச் சட்டத்தை ஏற்றி, லைட்டுகளைத் தொங்கவிட்டு, ஒயர் இழுத்து, சவுண்ட் செக் முடிக்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். எல்லாம் முடிந்த பிறகு பிரித்து வண்டியில் ஏற்றும்போது நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு மேடை காலியாக இருக்க வேண்டும் என்பதால், 'காலையில் வந்து எடுத்துக்கிறோம்' என்று சொல்லவும் முடியாது.

லைட்டிங்: அழகும் ஆபத்தும்

மேடைக்கும் சுவருக்கும் நிறம் கொடுப்பது எல்இடி பார் லைட். காற்றைக் கிழித்துக்கொண்டு போவது போன்ற மெல்லிய ஒளிக்கற்றை தருவது 'ஷார்பி' என்று தொழிலில் அழைக்கப்படும் மூவிங் ஹெட் லைட். இவை எல்லாம் டிஎம்எக்ஸ் என்ற முறையில் ஒரே கன்ட்ரோலரில் இணைகின்றன. ஒரு டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல்கள். ஒரு மூவிங் ஹெட் மட்டுமே 16 சேனல்கள் வரை எடுத்துக்கொள்ளும். திரும்புவது, நிறம், வேகம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல்.

ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய காற்றில் லேசான புகை இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்மோக் மெஷின். ஆனால் மூடிய ஏசி ஹாலில் புகை அதிகமானால் ஃபயர் அலாரம் அடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரமம். முன்கூட்டியே மண்டபத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டிய மற்ற விஷயங்கள்:

• லேசர்: கூட்டத்தின் முகத்தில் படும்படி வைக்கக் கூடாது. கண்ணின் விழித்திரையைப் பாதிக்கும். கேமரா, செல்போன் சென்சாரையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். விமான நிலையத்துக்கு அருகில் உள்ள திறந்தவெளி அரங்குகளில் வானத்தை நோக்கி லேசர் அடிப்பது விமானிகளின் பார்வையை மறைக்கும் என்பதால் அது தனிக் குற்றம்.

• ஸ்ட்ரோப்: வேகமாக விட்டுவிட்டு மின்னும் லைட், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டிஜேயிடம் சொல்லிவிட வேண்டும்.

• மேக என்ட்ரி: மணமக்கள் மேகத்தில் நடப்பது போன்ற காட்சிக்குப் பயன்படுவது டிரை ஐஸ். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் திட கார்பன் டை ஆக்சைடு இது. வெறும் கையில் தொட்டால் தோல் வெந்தது போல் ஆகிவிடும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டு போனால் மூச்சுத் திணறும். குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது.

• கோல்டு பைரோ: 'சுடாத மத்தாப்பு' என்று சொல்லி விற்கப்படுகிறது. ஆனால் வெளியே வருவது எரியும் உலோகத் துகள்தான். துணித் திரை, தெர்மாகோல், காய்ந்த பூ அலங்காரம் இருக்கும் மேடையில் இடைவெளி இல்லாமல் வைப்பது விபரீதம்.

இராக்கின் கராகோஷ் நகரில் 2023 செப்டம்பர் 26-ம் தேதி இரவு நடந்த கல்யாணத்தை மறக்க முடியாது. ஹாலுக்குள் வைத்த வாணவேடிக்கையில் இருந்து கூரை அலங்காரத்தில் தீப்பிடித்து, 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்டபத்தின் அவசர வழிக்கு முன்னால் ஸ்பீக்கர் அடுக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

கரண்ட் கணக்கு ஏன் முக்கியம்?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 8 ஷார்பிகள், ஒன்றுக்கு சுமார் 300 வாட் என்றால் 2,400 வாட். 20 பார் லைட்டுகள், ஒன்றுக்கு 150 வாட் என்றால் 3,000 வாட். ஸ்மோக் மெஷின் 1,500 வாட். மொத்தம் 6,900 வாட். இது லைட்டுக்கு மட்டும். சவுண்டு ஆம்ப்ளிஃபயர்கள் தனி.

மண்டபச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 230 வோல்ட்டில் சுமார் 3,680 வாட்தான். எனவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சமாளிப்பது நடக்காது. த்ரீ ஃபேஸ் லைன் அல்லது ஜெனரேட்டர் வேண்டும்.

அதிலும் நியூட்ரல் ஒயர் லூஸ் ஆனால் கதை முடிந்தது. 230 வோல்ட் வர வேண்டிய லைனில் 400 வோல்ட் அளவுக்கு ஏறி, சில நொடிகளில் ஆம்ப்ளிஃபயரும் லைட்டும் புகைந்துவிடும். எர்த் சரியில்லாத திறந்தவெளி லானில், மழை பெய்த புல்தரையில், இரும்பு டிரஸ் மேல் கை வைக்கும் ஹெல்ப்பர் பையனின் உயிருக்கே ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த்திங் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரவு 10 மணி: விதி என்ன சொல்கிறது?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-ன்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலை 18-ம் தேதி தீர்ப்பில் இதை உறுதி செய்தது. அளவை மீறிச் சத்தம் எழுப்பும் கருவிகளைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழிவகை செய்ய வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

இரவு 10 முதல் 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். ஆனால் அது கலாசார, மத விழா நாட்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல். தனிப்பட்ட குடும்பக் கல்யாணத்துக்கான சலுகை அல்ல.

'ஏசி ஹால்தானே, 10 மணிக்கு மேலயும் போடலாம்' என்று சிலர் சொல்வார்கள். விதியில் மூடிய அரங்குக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஆனால், அந்த விலக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக மட்டுமே. சத்தம் வெளியே போனால் எல்லை அளவு பொருந்தும். ஷீட் கூரை, திறந்த ஜன்னல் உள்ள மண்டபத்தை 'மூடிய அரங்கு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எவ்வளவு சத்தம் வரை சரி?

• குடியிருப்புப் பகுதி: பகலில் 55 டெசிபல், இரவில் 45
• வணிகப் பகுதி: பகலில் 65, இரவில் 55
• தொழிற்சாலைப் பகுதி: பகலில் 75, இரவில் 70
• அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் மேலே சொன்ன அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது.

இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு அதையும்விடக் குறைவு. அதனால் 10 மணிக்கு மேல் 'கொஞ்சம் சவுண்டு கம்மி பண்ணி' ஓட்டலாம் என்பது நடைமுறையில் எடுபடாது. அதிலும் பேஸ் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். பாட்டு கேட்காத வீட்டிலும் ஜன்னல் அதிரும்.

ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. தமிழ்நாட்டில் போலீஸ் தரும் அனுமதியில், கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். விதியை மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பாயும். முன்பு அதில் சிறைத் தண்டனை இருந்தது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அப்போ டான்ஸ் எப்போ ஆடுவது?

பிரச்னையின் வேர் சவுண்டில் இல்லை, டைம் டேபிளில் இருக்கிறது. பத்திரிகையில் மாலை 6.30 என்று போட்டிருப்பார்கள். மேக்கப் முடிந்து மணமக்கள் மேடை ஏற 7.30 ஆகிவிடும். வாழ்த்து வரிசை, போட்டோ முடிய 9.30. டான்ஸுக்கு மிச்சம் அரை மணி நேரம்தான். 'காசு கொடுத்தது அரை மணி நேரத்துக்கா?' என்ற கோபம் 10 மணிக்கு டிஜே மேல் திரும்புகிறது.

இதற்குத் தீர்வு எளிது. வாழ்த்து வரிசைக்கு நடுவே 8.30 மணிக்கு ஒரு இடைவெளி விட்டு, 45 நிமிடம் டான்ஸை வைத்துவிடலாம். விருந்தினர் பலர் அந்த நேரத்தில் பந்திக்குப் போயிருப்பார்கள். சாப்பிட்டு வந்தவர்கள் மறுபடி மேடை ஏறலாம். 9.30-க்குப் பிறகு மெலடிக்கு இறங்கிவிட்டால் 10 மணிக்கு நிறுத்துவது யாருக்கும் வலிக்காது. இதை வீட்டில் ஒரு பெரியவர், சித்தப்பாவோ மாமாவோ, பொறுப்பெடுத்துச் சொன்னால்தான் நடக்கும். டிஜே சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கல்யாணத்தில் பாட்டு போட உரிமம் வேண்டுமா?

காப்புரிமைச் சட்டம், 1957-ன் பிரிவு 52(1)(இசட்ஏ), உண்மையான மதச் சடங்கில் பாட்டு இசைப்பதை உரிமை மீறலாகக் கருதாது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு சேர்ந்த சமூக விழாக்களும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பும் வெளியிட்டது.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. கல்யாணத்துக்கு இசை உரிமம் கேட்கக் கூடாது என்று கோவா அரசு 2024 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. இசைப்பதிவு உரிமையாளர்கள் தரப்பு வழக்குப் போட, மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024 ஆகஸ்டில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தில் உள்ள விலக்கை அரசு தன் விருப்பத்துக்கு விரித்துச் சொல்ல முடியாது என்பதே இதன் சாரம். சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. எது 'கல்யாணத்தோடு சேர்ந்த விழா' என்பதில்தான் சண்டை.

இதனால்தான் சில நட்சத்திர ஹோட்டல்கள் பிபிஎல், ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகளின் உரிமத்தைக் கேட்கின்றன. பிபிஎல் இசைப்பதிவுக்கானது. ஐபிஆர்எஸ் பாடல் வரிக்கும் இசைக்கும். ஹோட்டல் கேட்டால் அந்தக் கட்டணம் யாருடையது என்பதை முன்பே பேசிவிட வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்கள்:

• நியூ இயர் பார்ட்டி, கம்பெனி விழாவுக்கு இந்த விலக்கு கிடையாது. உரிமம் வேண்டும்.

• விலக்கு என்பது பாட்டை இசைப்பதற்கு மட்டும். திருட்டுத்தனமாக டவுன்லோடு செய்த பைலுக்கு அது பாதுகாப்பு ஆகாது. தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

• கல்யாணத்தை யூடியூப்பில் லைவ் போட்டால், பாட்டு வரும் இடத்தில் சத்தம் மியூட் ஆகலாம், லைவே நின்றும் போகலாம். அந்தத் தானியங்கி முறைக்கு இது கல்யாணமா, பார்ட்டியா என்று தெரியாது.

காது: வெளியே தெரியாத நஷ்டம்

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைப்பது இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன உச்ச வரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்.

விருந்தினர் ஒரு நாள் வந்து போகிறவர். டிஜேயும் லைட் ஆபரேட்டரும் சீசன் முழுக்க அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை. செவி நரம்பு செல்கள் போனால் திரும்ப வளராது. காது அடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்வது, கைக்குழந்தைகளையும் வயதானவர்களையும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வைக்காமல் இருப்பது இரண்டும் அவசியம்.

இன்னொரு உண்மை: ஆம்ப்ளிஃபயர் பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 'இன்னும் ரெண்டு பெட்டி வை' என்று கேட்பதால் செலவு ஏறும் அளவுக்குச் சத்தம் ஏறாது. பெட்டியை டான்ஸ் ஃப்ளோரைப் பார்த்துச் சரியாகத் திருப்பி வைப்பதே பலன் தரும்.

வருமானம் எப்படி?

ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. முகூர்த்த நாட்கள் ஒரே தேதிகளில் குவியும். ஒரே நாளில் மூன்று பேர் கேட்பார்கள், அடுத்த மூன்று வாரம் போன் அடிக்காது. ஆனால் கருவிகள் வாங்கிய கடனுக்கு இஎம்ஐ பன்னிரண்டு மாதமும் போகும்.

புரிந்துகொள்ள ஓர் உதாரணக் கணக்கு. 40,000 ரூபாய்க்கு ஒரு ரிசப்ஷன் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 5,000, நான்கு உதவியாளர்களுக்கு 4,800, லைட் ஆபரேட்டருக்கு 2,500, வெளியில் வாடகைக்கு எடுத்த கூடுதல் லைட்டுக்கு 9,000, சாப்பாடு, இதர செலவு 1,700. மொத்தம் 23,000. கையில் நிற்பது 17,000. இதில்தான் இஎம்ஐ, ரிப்பேர், லாம்ப் மாற்றும் செலவு. கடைசி நேரத் தகராறில் 10,000 ரூபாய் வராமல் போனால் மிச்சம் 7,000. 10 மணி சண்டை டிஜேவுக்கு ஏன் வாழ்வாதாரப் பிரச்னை என்பது இப்போது புரியும்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவர்களும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், வங்கிக் கடன் கேட்கும்போது உதவும்.

புக் செய்யும் முன் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் தகராறு வந்தால் நிரூபிக்க எழுத்து வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

• தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரம். '10 மணிக்கு நிறுத்தப்படும், அதனால் கட்டணம் குறையாது' என்ற வரி.
• என்னென்ன லைட், எத்தனை, எத்தனை ஸ்பீக்கர் என்ற பட்டியல்.
• கரண்ட் அல்லது ஜெனரேட்டர் யார் பொறுப்பு.
• போலீஸ் அனுமதி யார் வாங்குவது, இசை உரிமக் கட்டணம் வந்தால் யார் கட்டுவது.
• முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. டான்ஸ் தொடங்கும் முன்பே மீதியை முடித்துவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.
• கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும். டிஜே வர முடியாவிட்டால் மாற்று ஏற்பாடு யார் செய்வார்.
• விருந்தினர் கருவியை உடைத்தால் யார் பொறுப்பு.

சொன்ன லைட் வரவில்லை, பணம் வாங்கிக்கொண்டு ஆளே வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் கிடையாது. சத்தத்தால் தூங்க முடியாத அக்கம்பக்கத்தார் 100 அல்லது 112-க்கு அழைக்கலாம்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே டான்ஸ் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டால், ரிசப்ஷன் இரவில் டிஜேயிடம் சண்டை போட வேண்டிய தேவையே வராது.